குத்தாலம் பக்கத்துத் தேவார வகுப்பு: நேரம் தவறாததில் கிடைப்பதும் இடிப்பதும்

மயிலாடுதுறை – கும்பகோணம் சாலையில், குத்தாலத்திலிருந்து உள்ளே போகும் கிராமம் ஒன்றில் சிவன் கோயில் மதிலை ஒட்டிய கூடத்தில் நடக்கிறது இந்தத் திருமுறை வகுப்பு. நடத்தும் ஓதுவார் ஐயாவுக்கு விளம்பரம் பிடிக்காது. அதனால் ஊர் பெயர், கோயில் பெயர் எதுவும் இங்கே இல்லை. அந்தப் பக்கம் டீக்கடையில் கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள். எட்டு வயதிலிருந்து பதினாலு வயது வரை இருபது பிள்ளைகள் போல வருகிறார்கள், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். மாதம் 300 ரூபாய். கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி. சனிக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு. ஞாயிறு விடுமுறை. ஐந்தரை என்றால் ஐந்தரைதான். சுருதிப்பெட்டி ஓட ஆரம்பித்த பிறகு வரும் பிள்ளை வாசல்படி ஓரம் உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் கேட்க மட்டும் வேண்டும், வாய் திறக்கக் கூடாது. முதல் வாரத்தில் பெற்றோருக்கு இது கொஞ்சம் உறைக்கும். காரணம் கண்டிப்பு காட்டுவதல்ல. ஓடிவந்த மூச்சோடு சேரும் குரல் சுருதிக்கு மேலே ஏறி நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகும். பத்து நிமிடம் சும்மா கேட்டால் மூச்சும் அடங்கும், காதும் சுருதியில் நிற்கும்.

முதல் பத்து நிமிடம் ச, ப, மேல் ச மூன்றையும் அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று, நிறுத்திப் பிடிப்பது. அடுத்த இருபத்தைந்து நிமிடம் பழைய பாடம்: நேற்றுச் சொன்ன பாட்டு, போன வாரப் பாட்டு, அதற்கு முந்தைய மாதத்துப் பதிகத்திலிருந்து (பத்துப் பதினோரு பாட்டு கொண்ட தொகுப்பு) ஒன்று. இதை இங்கே ‘முறை’ என்கிறார்கள். முறை தடுமாறினால் அன்றைக்குப் புதுப்பாடம் கிடையாது, வகுப்பு முழுக்க முறைதான். தடங்கலில்லாமல் போனால் அடுத்த அரை மணி புதுப்பாட்டு, நாளுக்கு ஒன்றே ஒன்று. கடைசியில் கைத்தாளத்தோடு எல்லோரும் சேர்ந்து ஒரு பதிகம், திருச்சிற்றம்பலம் சொல்லி முடிவு.

புதுப்பாட்டு சொல்லித்தருவது சந்தை முறையில். ஐயா ஓரடியை ஒருமுறை பாடுவார், பிள்ளைகள் இரண்டு முறை திருப்பிப் பாட வேண்டும். நாலடியும் முடிந்ததும் இரண்டிரண்டு அடியாகச் சேர்த்து அதே கணக்கு, பிறகு முழுப்பாட்டு மூன்று முறை. இதற்குள் கையில் புத்தகம் வரக் கூடாது. பதிகம் முழுவதும் வாயில் ஏறிய பிறகுதான் அச்சுப் பிரதியைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

படித்த பெற்றோர் அதிகம் குறைப்படுவது இந்தப் புத்தகத் தடையைத்தான். ஆனால் வகுப்பின் பலமே இதில் இருக்கிறது. சம்பந்தரின் முதல் பதிகத்தில் மூன்றாம் அடி ‘ஏடுடையமலரான் முனைநாட்பணிந் தேத்தவருள்செய்த’. இன்றைய பதிப்புகள் பலவும் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இதைச் சந்தி பிரித்து, ‘பணிந்து ஏத்த அருள்செய்த’ என்று போடுகின்றன. பொருளுக்கு அது நல்லது. பாட்டுக்கோ ஒரு ‘து’ கூடுதலாக வந்து விழுகிறது. ஓரெழுத்து ஏறிய இடத்தில் சந்தம் இடறும், தாளம் அரை அட்சரம் தள்ளிப்போகும். நாலாம் அடி இன்னும் மோசம். ‘பீடுடையபிர மாபுரமேவிய பெம்மானிவனன்றே’ என்பதில் சீர் பிரிவது ‘பிர’வுக்கும் ‘மாபுர’த்துக்கும் நடுவே. புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிற பிள்ளை ஊர்ப் பெயரை உடைக்க மனசு வராமல் ‘பிரமாபுரம்’ என்று முழுசாகச் சொல்லிவிட்டு நிற்கும். காதால் கற்ற பிள்ளைக்கு இந்தச் சிக்கலே தெரியாது, சந்தம் எங்கே இறக்குகிறதோ அங்கே இறங்கும்.

காதால் மட்டும் கற்பதிலும் ஓட்டை உண்டு. ல, ள, ழ மூன்றும் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். ‘தூவெண்மதி’யின் ண் இருபது குரல் சேர்ந்தால் ன் ஆகிவிடும். ஐயாவின் குரலில் அது சரியாகத்தான் வருகிறது, சுருதிப்பெட்டி சத்தத்தில் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. பதிகம் முடிந்த பிறகு பிரதியைப் பார்க்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அதற்குள் பதினோரு நாள் தப்பாகச் சொல்லிப் பழகிய வாய் சுலபத்தில் திரும்பாது. நாலு பாட்டுக்கு ஒருமுறை பிரதி பார்க்கலாம் என்று வைத்தால் போதும், முறையும் கெடாது. இதைச் சொன்னால் ஐயா சிரிக்கிறார், மாற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை.

பாட வரிசைக்கு வருவோம். முதல் இரண்டு மாதம் தேவாரமே கிடையாது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, மூன்று காலம் (வேகம்). ‘தேவாரம் படிக்க அனுப்பினால் ச ரி க ம சொல்லித்தருகிறார்களே’ என்று இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று பேர் நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு முதல் பதிகமாக எடுப்பது சுந்தரரின் ‘பித்தா பிறைசூடி’. அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், இந்தளம். இன்றைய ராகத்தில் அது மாயாமாளவகௌளை என்றும் நாதநாமக்கிரியை என்றும் இரண்டு வழக்கு உண்டு, இரண்டும் ஒரே மேளம் (தாய் ராகம்)தான். இரண்டு மாதம் சரளி வரிசையில் ஊறிய அதே சுரங்கள் என்பதால் பிள்ளை புதிதாகப் பிடிக்க வேண்டியது சொல்லை மட்டும், இசை ஏற்கெனவே தொண்டையில் இருக்கிறது. முதல் திருமுறையில் முதலாவதாக இருக்கிறதே என்று நட்டபாடையில் ‘தோடுடைய செவிய’னை எடுத்துத் தொடங்கும் வகுப்புகளில் பிள்ளைகள் சொல்லையும் நாட்டை ராகத்தையும் ஒரே நேரத்தில் சுமந்து திணறுவார்கள். திருமுறை அடுக்கியிருக்கும் வரிசை வேறு, கற்பிக்கும் வரிசை வேறு என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது.

சம்பந்தரின் மூன்று திருமுறைகளும் பண் வாரியாக அடுக்கப்பட்டவை. முதல் திருமுறையில் 1 முதல் 22 வரை நட்டபாடை, 23 முதல் 46 வரை தக்கராகம், 47 முதல் 62 வரை பழந்தக்கராகம் என்று போகும். ஒரே பண்ணில் அடுத்தடுத்து இருபது பதிகம் சொன்னால் எல்லாம் ஒரே அச்சாகிவிடும், எந்த ஊர்ப் பதிகம் எது என்றே குழம்பும். இங்கே இந்தளத்துக்கு அடுத்து ‘காதலாகிக் கசிந்து’ கௌசிகத்தில், அதாவது பைரவியில். பிறகு ‘மந்திரமாவது நீறு’ காந்தாரத்தில். அப்புறம்தான் நட்டபாடை. பண் மாறுவதால் பதிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. தாண்டகம், விருத்தம் போலத் தாளமில்லாமல் சுத்தாங்கமாகப் பாடுபவை இரண்டாம் வருடத்துக்கு. தாளம் பிடிக்காத இடத்தில் மூச்சை எங்கே விடுவது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு வருடப் பழக்கம் தேவை.

மனப்பாடத்தில் எது எங்கே நழுவும் என்பது அவருக்கு அத்துப்படி. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் மாலும் அயனும் அடிமுடி தேடுவார்கள், பத்தில் சமணரும் புத்தரும், பதினொன்று பதிகத்தை முடிக்கும் திருக்கடைக்காப்பு. அதனால் 8 முதல் 11 வரை எந்தப் பிள்ளைக்கும் மறக்காது. முதல் இரண்டு பாட்டும் தினம் தொடங்கும் இடம் என்பதால் நிற்கும். காணாமல் போவது நடுவில், மூன்றிலிருந்து ஏழுவரை. ‘தோடுடைய’ பதிகத்தில் இது இன்னும் கடுமை. பாட்டுக்குப் பாட்டு இரண்டாம் அடி ‘உள்ளங்கவர் கள்வன்’ என்று முடியும், நாலாம் அடி ‘பெம்மானிவனன்றே’ என்று முடியும். ஆகவே நாலாம் பாட்டின் இரண்டாம் அடியை முடித்த பிள்ளை ஆறாம் பாட்டின் மூன்றாம் அடிக்குத் தாவிவிடும், தாவியது தெரியவும் தெரியாது.

அதற்கு அவர் வைத்திருக்கும் மருந்து முதற்சொல் கோவை. பாடத் தொடங்குமுன் வாய்ப்பாடு போல, தோடுடைய, முற்றலாமை, நீர்பரந்த, விண்மகிழ்ந்த, ஒருமை, மறைகலந்த, சடைமுயங்கு, வியரிலங்கு, தாணுதல், புத்தரோடு, அருநெறிய என்று விரல் விட்டுச் சொல்ல வேண்டும். தலைச்சொல் வந்துவிட்டால் மற்ற மூன்றடியை எதுகை இழுத்து வரும்: தோடு, காடு, ஏடு, பீடு, ஒருமை, அருமை, கருமை, பெருமை. அடி மாறித் தாவினால் எதுகை காதில் இடித்துக் காட்டிக்கொடுக்கும். பாட்டின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் தலைச்சொல்லைச் சொல்ல வேண்டும், தலைச்சொல்லைச் சொன்னால் எண்ணைச் சொல்ல வேண்டும். ‘ஐயா, எட்டு வருது, அஞ்சுதான் வரலை’ என்று ஒரு பெண் பிள்ளை நின்றபோது, அவர் ஐந்தாம் பாட்டைச் சொல்லித்தரவில்லை. ‘நாலை முடிச்சுட்டு அங்கேயே நில்லு, தானா வரும்’ என்றார். ‘ஒருமை’ என்று ஆரம்பிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆரம்பித்ததும் நாலடியும் வந்துவிட்டன.

கணக்குப் பார்த்தால் வேகம் குறைவுதான். நாளுக்கு ஒரு பாட்டு வீதம் பதினோரு பாட்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல், அதை உறைய வைக்க அந்த மூன்றாம் வாரத்தின் மிச்சம். மூன்று வாரத்துக்கு ஒரு பதிகம். மார்கழி, பரீட்சை, கோயில் திருவிழா போக வருடத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று பதிகம் தேறும். ஏறத்தாழ 800 பதிகம் உள்ள கடலில் இது எந்த மூலைக்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே கோடை விடுமுறையில் இருபத்தைந்து பதிகம் சொல்லித்தரும் முகாம்களுக்கும் டெல்டாவில் குறைவில்லை. ஆடி மாதம் அந்தப் பிள்ளைகளிடம் நடுப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை தனிக்குரல். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டாக ஒரு பதிகத்தை முடிக்க வேண்டும். கூட்டத்தில் உதடு மட்டும் அசைக்கும் பிள்ளை இதில் தப்ப முடியாது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்; உட்காரும் இடத்தை எண்ணித் தனக்கு வரப்போகும் பாட்டை மட்டும் தயார் செய்துகொள்வார்கள். அதனால் அவர் நடுவில் யாரையாவது தொட்டு ஆரம்பிப்பார், திடீரென்று திசையையும் மாற்றுவார். வாரத்தின் மற்ற நாட்களிலும் உண்மையில் படிக்க வைப்பது இந்த அரை மணி நேரம்தான்.

பிரதோஷத்தன்று வகுப்பு கோயிலுக்குள் போய்விடும். பஞ்சபுராணம் சொல்லும் வரிசை பிள்ளைகளுக்கு இங்கேதான் பழகுகிறது: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். முன்னும் பின்னும் திருச்சிற்றம்பலம். குருக்கள் தீபாராதனை முடித்துத் திரும்பும் நேரத்துக்குள் ஐந்தும் முடிய வேண்டும், இழுத்துப் பாட இடமில்லை. சந்நிதியில் சுருதிப்பெட்டி கிடையாது, மணிச்சத்தம் காதை அடைக்கும், அதற்குள்ளும் எடுத்த சுருதி நிற்க வேண்டும். தினம் பத்து நிமிடம் ச-ப-ச பிடித்ததன் பலன் இங்கே தெரியும். இந்த மண்ணில் இப்படி நாள் தவறாமல் பாட வைப்பதற்கு ஆயிரம் வருடக் கணக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, ராஜராஜன் 48 பிடாரர்களையும் (பாடுவோர்), உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஆளுக்கொருவரையும் அமர்த்தி, தலைக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். மாதச் சம்பளமாக இல்லாமல் அன்றன்றைக்கு நெல் என்று கணக்கு வைத்ததும் கவனிக்கத் தக்கது.

மார்கழியில் அட்டவணை தலைகீழ். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயிலில். திருவெம்பாவை இருபது, திருப்பள்ளியெழுச்சி பத்து, ஆக முப்பது பாட்டு மாதத்தின் முப்பது நாளுக்குப் பொருந்தும். மாலை வகுப்பும் புதுப்பதிகமும் அந்த மாதம் கிடையாது. அரையாண்டுப் பரீட்சையும் அதே சமயம் வருவதால் இது புத்திசாலித்தனம்.

இனி குறைகள். பெரிய குறை சுருதி. எல்லோருக்கும் ஐந்து கட்டை வைக்கிறார், சிறு பிள்ளைகளுக்கு அது சரி. பதிமூன்று வயதில் குரல் உடையும் பையன்கள் மேலே எட்டாமல் கத்துகிறார்கள், கீழே போனால் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ப) காற்றாகப் போகிறது. அவர்களுக்கு அதைவிடத் தாழ்ந்த ஒன்று, ஒன்றரை கட்டையில் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். சனிக்கிழமையைப் பிரித்தாலே தீரும். இப்போது அந்தப் பையன்கள் தாளம் போடும் வேலைக்குத் தள்ளப்பட்டு, ஒரு வருடத்தில் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். இருக்கும் பையன்கள் எண்ணிக்கையைப் பார்த்தாலே புரியும். இதோடு தொடர்புடைய சின்ன விஷயம்: ஐயா ஆண் குரலில் ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்ட, பிள்ளை மேலே எடுக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளை அவர் குரலையே பிடிக்கப் போய் முனகும். இதற்குத் தேர்ந்த பெண் பிள்ளை ஒருத்தியைப் புதியவர்களுக்குப் பின்னால் உட்கார வைக்கிறார், சரியான குரல் பின்னாலிருந்து காதில் விழும். நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது, மூன்று நாள் சேர்ந்தாற்போல வராத பிள்ளை ஒரு வாரம் பழைய பாட வரிசையில்தான் உட்கார வேண்டும் என்ற விதி. பாடத்துக்கு அது நியாயம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ஏறினால் அக்கரைப் பிள்ளைகள் வர வழியில்லை, அவர்களுக்கும் அதே விதி. மழை விட்டு வந்த பிள்ளையைத் தண்டனை போல உட்கார வைப்பது சரியில்லை. அன்றைய பாட்டை ஒலிப்பதிவாகப் போனில் அனுப்பினால் போதும். அனுப்ப மறுக்கிறார். அதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்: பதிவோடு சேர்ந்து பாடும் பிள்ளை, பாடியவர் மூச்சு விடும் இடத்தில் தானும் விடும், அவர் சுருதிக்குத் தன் குரலை இறக்கும். உண்மைதான். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய பதிவுகளைக் கேட்கச் சொல்லும் இவரே, கூடப் பாடக் கூடாது என்றும் சொல்கிறார். பாட்டை மறந்துவிடுவதைவிடக் கேட்டாவது வைத்திருப்பது மேல் என்று நமக்குத் தோன்றுகிறது.

பொருள் சொல்வது மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும், அதுவும் அவசரமாக. பண்ணின் பெயரைச் சொல்கிறாரே தவிர அதன் இலக்கணம் கிடையாது. பகற்பண், இராப்பண், பொதுப்பண் பாகுபாட்டை அழகாகச் சொல்லித்தருகிறார், ஆனால் வகுப்பு நடப்பதோ மாலையில். காலைப் பண்ணான புறநீர்மைக்குச் சனிக்கிழமை காலை இருக்கிறது, மற்ற பகற்பண்கள் எல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான். கற்கும்போது அது பெரிய தப்பில்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் இது இடமில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரம் தனிப் பாடமாக மூன்று வருடம் உண்டு, 12 வயதிலிருந்து சேர்க்கிறார்கள், ஓதுவார் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்தப் பாதைதான் உதவும். எட்டு ஒன்பது வயதில் இங்கே சேர்ந்து பன்னிரண்டில் அங்கே போகும் பிள்ளை கையில் நாற்பது பதிகத்தோடு போகும். மேடைக் கச்சேரி ஆசை உள்ளவர்கள் வேறு ஆசிரியரைப் பார்ப்பது நல்லது, இங்கே கல்பனாசுரத்தின் வாசனைகூடக் கிடையாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விட முடியாது: காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் இருபது நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம், போன் பக்கத்தில் இல்லாமல். முதலில் கோவை, பிறகு நேற்றைய பாட்டு மூன்று முறை, பிறகு நடுப்பாட்டு ஏதாவது ஒன்று. இதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையென்றால் பிள்ளை முறையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், ஆறு மாதத்தில் அலுத்துவிடும்.

சேர்க்கை விஜயதசமிக்கு, விட்டால் சித்திரையில். பாக்கு வெற்றிலை, தேங்காய், ஒரு வேட்டி அல்லது பாவாடைத் துண்டு போதும், முதல் மாதக் கட்டணத்தைத் தட்டில் வைக்க வேண்டாம், மாதக் கடைசியில் கொடுத்தால் போதும் என்கிறார். சேர்க்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பின்னால் உட்கார்ந்து தனிக்குரலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆறரை மணிக்கு ஆரம்பிக்கும். குத்தாலத்துக்குத் திரும்ப டவுன் பஸ் ஏழேகால் வாக்கில் வரும், அதை விட்டால் ஆட்டோதான்.